பிராக் பர்டி: அவர் திறமையா, ஷனஹானின் ஏற்பாடா?

கேட்டவரின் கேள்வியைச் சுருக்கி இங்கேயே வைத்துவிடுகிறேன். அமெரிக்கக் கால்பந்தின் என்எஃப்எல் லீகில், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2022 டிராஃப்டில் கடைசி ஆளாக, 262-ஆவது இடத்தில் எடுக்கப்பட்ட பிராக் பர்டி இரண்டே ஆண்டில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் வரை போனார். அதே சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணி டிராஃப்டின் முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் மூன்று வாய்ப்புகளை விலையாகக் கொடுத்து 2021-இல் மூன்றாவது இடத்தில் எடுத்த ட்ரே லான்ஸ் நான்கு ஆட்டங்களை மட்டுமே தொடங்கி வெளியேறினார். பர்டி உண்மையிலேயே நல்ல குவாட்டர்பேக்கா (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), அணியின் தலைமைப் பயிற்சியாளர் கைல் ஷனஹானின் ஆட்டமுறையில் யாரை நிறுத்தினாலும் இப்படித்தான் ஆடுவார்களா? அவருக்கு 26.5 கோடி டாலர் கொடுத்தது சரியா? மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான்: களத்தில் சுற்றி நிற்கும் பத்துப் பேரையும் பயிற்சியாளரையும் கழித்துவிட்டு ஒரு குவாட்டர்பேக்கைத் தனியாக எடைபோட முடியுமா?

சான்டா கிளாரா பக்கத்தில் பள்ளி அணி ஒன்றில் உதவிப் பயிற்சியாளராகப் பல ஆண்டுகள் இருக்கிறேன். என் வேலையில் பெரும்பகுதி ஃபிலிம் பார்ப்பது: எறியும் பையனின் கால் எங்கே விழுகிறது, கண் எந்தப் பக்கம் போகிறது, பந்து எப்போது கையை விட்டுக் கிளம்புகிறது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பெடுப்பது. அந்தப் பழக்கத்தில்தான் பர்டியின் ஆட்டங்களையும் பார்த்து வருகிறேன். முழுமையாகத் தனியாக எடைபோட முடியாது, ஆனால் பலர் நினைப்பதைவிட அதிகமாகவே பிரித்துப் பார்க்க முடியும் என்பது என் முடிவு.

ஆட்டம் புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பந்து பின்னால் வந்ததும் எறிவதற்குக் குவாட்டர்பேக்குக்குக் கிடைப்பது சுமார் இரண்டரை நொடி. அதற்குள் எதிரணித் தடுப்பாட்டம் எப்படி நிற்கிறது, எந்தப் பக்கம் இடம் திறக்கப்போகிறது, முதல் ஆள் அடைபட்டால் அடுத்தவர் எங்கே என்று கண்டுபிடித்துப் பந்தை அனுப்பியாக வேண்டும். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சொன்னால் புரியும்: பந்து வீச்சாளரின் கையிலேயே நீளத்தைப் படித்துவிடும் பேட்ஸ்மேனுக்கு மற்றவரைவிட நேரம் அதிகம் இருப்பதுபோல் தெரியுமல்லவா, அந்தத் திறன்தான் இங்கேயும். உயரம், எடை, ஓட்ட வேகம், எறியும் வலு எல்லாவற்றையும் டிராஃப்டுக்கு முன்பு அளந்துவிடலாம். இதை மட்டும் அளக்க நம்பகமான கருவி இன்றுவரை இல்லை.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். பர்டி அரிசோனாவின் கில்பர்ட் நகரில் பள்ளியில் ஆடி, 2018-இல் அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதலாண்டு மாணவராக இருக்கும்போதே தொடக்க ஆட்டக்காரர் ஆகிவிட்டார். நான்கு ஆண்டுகளில் 12,170 யார்டு, 81 டச்டவுன் பாஸ் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது டச்டவுன்). அந்தப் பல்கலைக்கழகம் பெரிய கால்பந்துப் பெயர் கிடையாது. அதை 2020-இல் முதல்முறையாக பிக் 12 பிரிவின் இறுதி ஆட்டத்துக்கு அழைத்துப் போனது அவர் இருந்த அணி. ஓக்லஹோமாவிடம் அங்கே தோற்றாலும், ஃபியஸ்டா பவுலில் ஓரிகானை 34-17 என்று வென்றார்கள். இவ்வளவு இருந்தும் 2022-இல் அவருக்கு முன்பு எட்டு குவாட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். பிட்ஸ்பர்க் 20-ஆவது இடத்தில் எடுத்த கென்னி பிக்கெட் ஒருவர்தான் அவர்களில் முதல் சுற்றில் போனவர். டிராஃப்டில் கடைசியாக எடுக்கப்படுபவருக்கு ‘மிஸ்டர் இர்ரெலவன்ட்’ என்ற பட்டமும் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச்சில் ஒரு கொண்டாட்டமும் 1976 முதல் உண்டு. அந்த ஆண்டு அது பர்டிக்குப் போனது.

ஏன் அவ்வளவு கீழே விழுந்தார்? உயரம் ஆறடி ஒரு அங்குலத்தை ஒட்டியது, எறியும் வலு சாதாரணம், கடைசி ஆண்டில் அணி 7-6 (ஏழு வெற்றி, ஆறு தோல்வி) என்று சறுக்கியது. இவை வெளிப்படையான காரணங்கள். இவற்றோடு இன்னொன்றும் வேலை செய்தது என்று நினைக்கிறேன், இது என் ஊகம்தான்: நான்கு ஆண்டு தொடர்ந்து ஆடிய பையன் என்பதையே அணிகள் குறையாகப் பார்த்தன. ‘இவனிடம் இருப்பதெல்லாம் பார்த்தாயிற்று, இனி வளர இடமில்லை’ என்பது தேர்வாளர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு. டிராஃப்டில் அணிகள் விலை கொடுப்பது ஓர் ஆள் இன்று என்னவாக இருக்கிறார் என்பதற்கு அல்ல, நாளை என்னவாகலாம் என்ற கற்பனைக்கு.

அந்தக் கற்பனையின் உச்சம்தான் ட்ரே லான்ஸ். ஆறடி நான்கு அங்குலம், வலுவான கை, ஓடக்கூடிய கால். 2019-இல் நார்த் டகோட்டா ஸ்டேட் அணிக்காக 28 டச்டவுன் பாஸ் எறிந்து ஒரு இன்டர்செப்ஷன்கூட (எதிரணி பிடித்துவிடும் பாஸ்) கொடுக்காமல், 16-0 என்று கோப்பையை வாங்கித் தந்தார். ஆனால் அது கல்லூரிக் கால்பந்தின் இரண்டாம் அடுக்கு. 2020-இல் கொரோனாவால் ஒரே ஒரு ஆட்டம். கல்லூரிக் காலம் முழுவதிலும் அவர் எறிந்தது 318 பாஸ். பர்டி எறிந்ததோ 1,400-க்கும் மேல். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரின் கதையிலும் பெரும்பகுதி இங்கேயே இருக்கிறது என்பேன்.

லான்ஸ் 2021 பயிற்சி ஆட்டத்தில் ஆள்காட்டி விரலில் அடிபட்டார். அந்த ஆண்டு இரண்டு ஆட்டங்களைத் தொடங்கினார். 2022-இல் அணியை அவரிடம் ஒப்படைத்தார்கள், இரண்டாவது ஆட்டத்திலேயே சியாட்டிலுக்கு எதிராகக் கணுக்கால் முறிந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு டல்லஸ் அணிக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஃபார்ட்டிநைனர்ஸுக்காக அவர் எறிந்தது மொத்தம் 102 பாஸ். பலர் அவரைத் தோல்வி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 102 பாஸை வைத்து ஒரு குவாட்டர்பேக்கை எவராலும் தீர்ப்பிட முடியாது. ஃபிலிமில் நான் பார்த்தவரை, ஆள் தனியாகிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே அவர் எறிந்தார், அந்த அரை நொடித் தாமதம் அவரைக் கெடுத்தது. அது ஆடி ஆடித்தான் தீரும். ஆட அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. திறமை இல்லை என்பதற்கு ஆதாரம் கிடையாது, வாய்ப்பு அமையவில்லை என்பதற்கு நிறையவே உண்டு.

இனி அதிர்ஷ்டம் பற்றி. லான்ஸுக்கு முன்பு தொடக்க குவாட்டர்பேக்காக இருந்த ஜிம்மி கராப்போலோ 2022-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்திருக்கவே கூடாது. அவரை விற்றுவிடத் தயாராக இருந்தார்கள். தோள் அறுவை சிகிச்சையால் வாங்க ஆள் வரவில்லை, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு தங்கினார். லான்ஸ் விழுந்ததும் அவர் வந்தார். டிசம்பர் 4 அன்று மயாமிக்கு எதிராக அவருடைய பாதமும் முறிந்தபோதுதான் பர்டி களமிறங்கினார். இரண்டு பேர் அடிபட்டுத்தான் மூன்றாமவருக்குக் கதவு திறந்தது. இதை அதிர்ஷ்டம் என்று சொல்பவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஆகஸ்டில் நடந்ததைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்று ஆட்டக்காரராக வைத்திருந்த நேட் சட்ஃபெல்டுக்கு 20 லட்சம் டாலர் உறுதி செய்யப்பட்டிருந்தது. அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை என்று அவரை அனுப்பிவிட்டு, கடைசியாக எடுத்த பையனை அணியில் வைத்துக்கொண்டார்கள். தினமும் பயிற்சியில் பார்த்தவர்கள் எதையோ கண்டிருக்கிறார்கள்.

அதற்குப் பின் நடந்தது பதிவில் இருக்கிறது. மயாமியை 33-17, முதன்முதலாகத் தொடங்கிய ஆட்டத்தில் டாம் பிரேடி இருந்த டாம்பா பேயை 35-7. தொடங்கிய ஐந்து லீக் ஆட்டங்களிலும் வெற்றி. பிளேஆஃபில் சியாட்டிலையும் டல்லஸையும் தாண்டினார்கள். 2023 ஜனவரி 29, பிலடெல்பியாவில் நடந்த பிரிவு இறுதி ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஹாசான் ரெடிக் எறியும் கையைத் தட்டியதில் முழங்கைத் தசைநார் கிழிந்தது. மாற்றாக வந்த ஜோஷ் ஜான்சனும் தலையில் அடிபட்டு வெளியேற, எறியவே முடியாத கையோடு பர்டி திரும்பி வந்து நின்றார். 31-7 தோல்வி. அவசரத்துக்கு மூன்றாவது குவாட்டர்பேக்கை இறக்கலாம் என்று அந்த மே மாதம் என்எஃப்எல் விதியை மாற்றியது. மார்ச்சில் அறுவை சிகிச்சை. தசைநாரை முழுதாக மாற்றாமல் உள்ளே வலுப்பட்டை வைத்துத் தைத்ததால் அடுத்த பருவத்தின் முதல் ஆட்டத்துக்கே வந்துவிட்டார். முழு மாற்றாக இருந்திருந்தால் 2023 பருவத்தையே இழந்திருக்கலாம்.

2023-இல் 4,280 யார்டு. ஜெஃப் கார்சியா 2000-இல் வைத்த அணிச் சாதனையை இரண்டு யார்டில் முந்தினார். 31 டச்டவுன், 11 இன்டர்செப்ஷன், ஒவ்வொரு எறிதலுக்கும் சராசரி 9.6 யார்டு, எறிதலின் தரத்தை அளக்கும் பாஸர் ரேட்டிங் 113.0, அந்த ஆண்டு லீகிலேயே அதிகம். சர்ச்சை வெடித்ததும் இந்த எண்களால்தான்.

ஏற்பாடுதான் காரணம் என்பவர்களின் வாதம் வலுவானது, அதை நேர்மையாக முன்வைக்க வேண்டும். ஷனஹானின் முறையில் பந்து கிளம்புமுன் ஆட்டக்காரர்கள் இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதைப் பார்த்தாலே எதிரணியின் திட்டம் பாதி வெளிப்பட்டுவிடும். பக்கவாட்டில் ஓடும் ஓட்டமும், ஓடுவதுபோல் பாவனை காட்டி எறியும் பாஸும் முதல் நொடியில் ஒன்றுபோலவே இருக்கும். லைன்பேக்கர்கள் (தடுப்பாட்டத்தின் நடு வரிசையினர்) ஓட்டம் என்று நம்பி முன்னால் ஓரடி வைத்ததும் அவர்கள் முதுகுக்குப் பின்னால், களத்தின் நடுவில், இடம் திறக்கும். 2023-இல் பந்தை வாங்கியது யார்? கிறிஸ்டியன் மெக்காஃப்ரி, டீபோ சாமுவேல், பிராண்டன் ஐயுக், ஜார்ஜ் கிட்டில். இடப்பக்கம் காவல் நின்றது ட்ரென்ட் வில்லியம்ஸ். இதே முறையில் கராப்போலோவும் நல்ல சராசரியோடு ஆடி, 2019 பருவத்தில் சூப்பர் பவுல் போனார். 2025-இல் பர்டியின் கால் கட்டைவிரலில் அடிபட்டபோது வந்த மேக் ஜோன்ஸ், முன்பு இரண்டு அணிகளில் நிலைக்காதவர், தொடங்கிய எட்டு ஆட்டங்களில் ஐந்தை வென்று கொடுத்தார். ஏற்பாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை இதற்குப் பிறகும் மறுப்பது சரியாகாது.

2024-ஐயும் அவர்கள் காட்டுவார்கள். மெக்காஃப்ரி பெரும்பாலான ஆட்டங்களில் இல்லை, ஐயுக் முழங்கால் கிழிந்து போனார், வில்லியம்ஸும் பாதியில் போனார். பர்டி 20 டச்டவுன், 12 இன்டர்செப்ஷன், பாஸர் ரேட்டிங் 96.1 என்று இறங்கினார். அணி 6-11. சுற்றியிருப்பவர்கள் போனதும் எண்களும் போய்விட்டன என்பது உண்மை. ஆனால் பாதி அணி மருத்துவமனையில் இருக்கும்போது 96 என்பது சராசரிக்கு மேல்தான். நல்ல ஆட்டக்காரர்கள் இல்லாமல் எல்லா குவாட்டர்பேக்கும் இறங்குவார்கள். எவ்வளவு இறங்கினார் என்பதுதான் பார்க்க வேண்டியது.

இங்கேதான் ஃபிலிம் உதவுகிறது. ஷனஹான் திறந்து தரும் இடம் ஒரு கணம்தான் திறந்திருக்கும். ஆள் திரும்பிப் பார்க்கும் முன்பே பந்து கிளம்பியாக வேண்டும், இல்லையென்றால் லைன்பேக்கர் பின்வாங்கி மூடிவிடுவார். பர்டியின் பின்னங்கால் தரையில் பதிந்ததும் பந்து போகிறது. காத்திருப்பதில்லை. வலு குறைந்த கைக்கு இந்த முன்கூட்டிய எறிதல்தான் ஈடு. கராப்போலோ நடுவில் வேகமாக எறிந்தார், ஆனால் திட்டம் குலைந்தால் அவருக்கு வேறு வழி இருக்காது. பர்டி குலைந்த ஆட்டத்திலும் நகர்ந்து, தள்ளிப்போய், ஓடியோ எறிந்தோ ஏதாவது எடுக்கிறார். 2024 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு எதிரான பிரிவு இறுதியைப் பாருங்கள். பாதி ஆட்டத்தில் 24-7 என்று பின்தங்கியிருந்த அணி 34-31 என்று வென்றது. இரண்டாம் பாதியில் பர்டி தன் காலால் ஓடி எடுத்த யார்டுகள் எந்தத் திட்டப் புத்தகத்திலும் எழுதப்பட்டவை அல்ல. அதே பாதியில் அவர் ஐயுக்குக்கு எறிந்த நீண்ட பந்து டெட்ராய்ட் தடுப்பாளரின் ஹெல்மெட்டில் பட்டுத் தெறித்து ஐயுக் கைக்கே வந்ததும் உண்மை. 51 யார்டு. அது தவறான எறிதல், முழு அதிர்ஷ்டம். ஒரே ஆட்டத்தில் இரண்டும் இருக்கின்றன, ஒன்றை மட்டும் காட்டி வாதிடுபவரை நம்பாதீர்கள்.

இந்த இடத்தில் என் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். வெளியிலிருந்து ஃபிலிம் பார்ப்பவர் யாருக்கும் அந்த ஆட்டத்துக்கு என்ன அழைப்பு கொடுக்கப்பட்டது, முதலில் யாரைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள் என்பது தெரியாது. சரியாக எறிந்தாரா, தவறான ஆளுக்கு எறிந்து தப்பித்தாரா என்பதில் ஒரு பகுதி எப்போதும் ஊகம். குவாட்டர்பேக்குகளுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்களுக்கும் இதே நிலைதான். பர்டியின் வெற்றியில் இத்தனை சதவீதம் அவர், இத்தனை ஷனஹான் என்று எவராவது எண் சொன்னால் அதற்கு அடிப்படை இல்லை.

குறைகளும் தெளிவாகத் தெரிகின்றன. துணிச்சல் சில நாள் அளவு மீறுகிறது. 2023 கிறிஸ்துமஸ் இரவில் பால்டிமோருக்கு எதிராக நான்கு இன்டர்செப்ஷன் கொடுத்தார், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருதில் முன்னணியில் இருந்தவர் அன்றோடு பின்தங்கினார். எதிரில் ஆடிய லமார் ஜாக்சன்தான் அந்த விருதை வாங்கினார். மழையிலும் ஈரப்பந்திலும் அவர் தடுமாறியதைக் கண்டிருக்கிறேன், ஆனால் அப்படிப்பட்ட ஆட்டங்கள் சிலவே என்பதால் அதை நிரந்தரக் குறை என்று சொல்லத் தயங்குகிறேன்.

லாஸ் வேகஸில் நடந்த அந்த சூப்பர் பவுலையும் ‘பெரிய ஆட்டத்தில் தோற்றவர்’ என்று அவர் தலையில் கட்டுகிறார்கள். கான்சஸ் சிட்டியிடம் கூடுதல் நேரத்தில் 25-22 என்று தோற்ற ஆட்டம் அது. கூடுதல் நேரத்தில் முதலில் பந்து கிடைத்தபோது அணியைக் கோட்டுக்கு 9 யார்டு தொலைவு வரை கொண்டுவந்தார். மூன்றாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது. தடுப்பு வரிசையில் ஒரு குழப்பத்தால் கிறிஸ் ஜோன்ஸ் எவரும் தொடாமல் நேராக உள்ளே வந்துவிட்டார். பர்டி அவசரமாக எறிந்த பந்து போய்ச் சேரவில்லை. மூன்று புள்ளியோடு திருப்தியடைய வேண்டியதாயிற்று, கான்சஸ் சிட்டி டச்டவுன் போட்டு முடித்தது. ஒருவர் சரியாகத் தடுத்திருந்தால் முடிவு மாறியிருக்கலாம். நிச்சயம் மாறியிருக்கும் என்று சொல்லமாட்டேன்.

பணத்துக்கு வருகிறேன். லீகும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு, புதியவர்களின் முதல் சம்பளம் எடுக்கப்பட்ட இடத்தைப் பொறுத்தே அமைகிறது, மூன்று பருவம் முடியும்வரை திருத்தவும் முடியாது. மூன்றாவதாக வந்த லான்ஸுக்கு நான்கு ஆண்டுக்கு 3.4 கோடி டாலர், கடைசியாக வந்த பர்டிக்கு சுமார் 37 லட்சம். 2023-இல் ஓர் அணி மொத்தம் செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 22.48 கோடியாக இருந்தபோது, சூப்பர் பவுலுக்குப் போன குவாட்டர்பேக்கின் சம்பளம் 8.7 லட்சம். மிச்சமான பணத்தில்தான் அந்த நட்சத்திரப் பட்டாளம் நின்றது. 2025 மே மாதம் ஐந்தாண்டுக்கு 26.5 கோடி என்று கையெழுத்தானது, அதில் 18.1 கோடி உறுதி. அதற்குச் சற்று முன்பு அந்த வசந்தத்தில் சாமுவேலை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள், தடுப்பாட்டத்தில் முக்கியமான பலரும் வேறு அணிகளுக்குப் போனார்கள். அவை எல்லாம் பர்டியின் சம்பளத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், வயதும் காயமும் பழைய ஒப்பந்தங்களின் சுமையும் சேர்ந்திருந்தன. ஆனால் மலிவான குவாட்டர்பேக் என்ற வசதி முடிந்துவிட்டது என்பது உறுதி.

அதிகமா என்றால், என் பதில் இல்லை. ஆண்டுக்கு 5.3 கோடி என்பது 2024-இல் டல்லஸ் தன் குவாட்டர்பேக்குக்குக் கொடுத்த 6 கோடியைவிடக் குறைவு. அதைவிட முக்கியம், அவரை விட்டால் கையில் என்ன இருக்கும் என்ற கேள்வி. மூன்று முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தும் கிடைக்காத ஒன்று இந்த அணியிடம் இப்போது இருக்கிறது. மேக் ஜோன்ஸ் நன்றாக ஆடினாரே, மலிவாக அவரையே வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வாதத்தில் பொருள் உண்டு. ஆனால் 2025 நவம்பரில் பர்டி திரும்பி வந்த பிறகு அணி தொடர்ந்து ஆறு ஆட்டங்களை வென்று 12-5 என்று முடித்தது. அப்போது ஐயுக்கும் இல்லை, சாமுவேலும் இல்லை. ஏற்பாடு நல்ல குவாட்டர்பேக்கைப் பிழைக்க வைக்கும். திட்டம் குலையும் நேரத்தில் அவர் கூடுதலாக எடுத்துத் தருவதற்குத்தான் இந்தச் சம்பளம்.

நீங்களே பார்த்து முடிவெடுக்க விரும்பினால், பர்டியின் முதல் டவுன் எறிதல்களை விட்டுவிடுங்கள், அங்கே ஷனஹானின் கை ஓங்கியிருக்கும். மூன்றாவது டவுனில் ஏழெட்டு யார்டுக்கு மேல் தேவைப்படும் நேரங்களை மட்டும் பாருங்கள். அப்போது எறியப்போகிறார்கள் என்று எதிரணிக்கும் தெரியும், ஓட்டப் பாவனை பலிக்காது. பந்து கையை விட்டுக் கிளம்பும்போது வாங்குபவர் திரும்பியிருக்கிறாரா இல்லையா என்று கவனியுங்கள். நாலைந்து ஆட்டங்கள் இப்படிப் பார்த்துவிட்டு, இன்னொரு அணியின் குவாட்டர்பேக்கையும் அதே அளவுகோலில் வைத்துப் பாருங்கள். 2024-ஐயும் சேர்த்தே பாருங்கள், நல்ல ஆண்டுகளை மட்டும் பார்த்தால் கணக்கு சரியாக வராது.